குளிர்க் கடலில் முதல் இரண்டு நிமிடம்

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வருபவர்கள் நம் பிளாக்குகளில் நிறையப் பேர். போன இடத்தில் ஏதாவது ஒரு சாகசத்துக்கு நம்மையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால், செயலாளர் கேட்டுக்கொண்டபடி என் ஸ்நார்கெலிங் அனுபவத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் இறங்கியது ஸ்காட்லாந்தில், வட கடல் ஓரமாக இருக்கும் செயின்ட் ஆப்ஸ் என்ற சிறிய ஊரில். எடின்பரோவில் மகள் வீட்டிலிருந்து காரில் போனோம். கரை முழுக்கப் பாறை. 1984 முதல் அந்தக் கடலோரத்தை மக்கள் தாங்களாகவே முன்வந்து பாதுகாத்து வருகிறார்கள். ஸ்காட்லாந்தில் அப்படி அமைந்த முதல் பகுதி அது. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் தோர் குடியிருக்கும் ஊராக வருவதும் இதுதானாம். பேரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஸ்நார்கெலிங் என்றால் ஆழத்துக்குப் போவதில்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய். முகத்தை நீருக்குள் வைத்துக் குப்புற மிதந்தபடி பார்ப்பது, அவ்வளவுதான். நம் சென்னைக் கடலின் சூடு ஏறக்குறைய 28 டிகிரி. அங்கே ஆகஸ்டிலும் 13, 14தான். ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். ஆனால் அங்கே நீச்சல் தெரிவது இரண்டாவது விஷயம்.

15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று இறங்கினால் நம்மைக் கேட்காமலே வாய் திறந்து மூச்சை உள்ளே இழுத்துவிடும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். கூடவே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். நன்றாக நீந்துபவர்களும் இதில் போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் இது தானாக அடங்கிவிடும்.

அதனால்தான் முதலில் ஒரு ஃபாரம் தருகிறார்கள். இதயம், ஆஸ்துமா, வலிப்பு, ரத்த அழுத்தம் என்று வரிசையாகக் கேள்விகள். “எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு டிக் போடுங்கப்பா, இல்லேன்னா விட மாட்டாங்க” என்றாள் மகள். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் நிரப்பிய ஃபாரத்தைச் சரிபார்த்தவன் நான். பி.பி. மாத்திரை சாப்பிடுவதை எழுதினேன். டாக்டர் கடிதம் இல்லாமல் இறக்க முடியாது என்று வழிகாட்டிப் பெண் சொல்லிவிட்டார். இங்கே நம் டாக்டருக்குப் போன் போட்டு, அவர் பழைய ஈ.சி.ஜி.யைப் பார்த்துக் கடிதம் அனுப்ப நான்கு நாளாயிற்று. கடிதம் வந்த பிறகு போனால், கிழக்கிலிருந்து காற்று, அலை பாறையில் மோதுகிறது, இன்று வேண்டாம் என்று எட்டுப் பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார். வெயில் பளீரென்று அடித்த நாள் அது! பக்கத்து ஊரான ஐமவுத்தில், 1881 அக்டோபர் 14 அன்று அடித்த புயலில் அந்த ஒரு ஊரிலிருந்து மட்டும் 129 மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். அந்தக் கரையில் காற்றைப் பார்த்து முடிவெடுப்பவரிடம் நான் வாதம் செய்யவில்லை.

மூன்றாவது முறைதான் இறங்கினோம். ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ரப்பர் மாதிரி ஓர் உடை, அதே துணியில் தலைக்கும் கைக்கும் காலுக்கும் உறை. மாட்டவே அரை மணி நேரம். என் மனைவி சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டாம்! உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. அந்த உடை மிதக்கும், அதனால் நாமும் எளிதாக மிதக்கலாம்.

முதலில் இடுப்பளவு நீரில் நிற்க வைத்தார். முகத்தில் நீரைத் தெளித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்கச் சொன்னார். எனக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அதன் பிறகுதான் குழாயைக் கடித்துக் குப்புறத் திரும்பினேன்.

கீழே ஒரு காடு. கெல்ப் என்ற பழுப்புப் பாசி, பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. இலைகள் வாழைத்தார் மண்டபத்து ஓலை மாதிரி ஒரே திசையில் சாய்ந்து, மறுபடி எதிர்ப்பக்கம் சாய்கின்றன. இது குளிர் நீரில்தான் செழிக்குமாம். சிவப்புக் கண் நண்டு ஒன்று இரண்டு கொடுக்கையும் தூக்கி என்னை மிரட்டியது. ராஸ் என்ற மீன் பிறக்கும்போது எல்லாம் பெண்ணாம், பிறகு சில ஆணாக மாறுமாம். முப்பத்தைந்து நிமிடம் இருந்தோம். விரல் மரத்த பிறகே எனக்கு நேரம் நினைவு வந்தது.

வெளியே வந்த பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் குளிர்ந்துகொண்டே போகும். உடனே துடைத்து, கம்பளி போட்டு, சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். ஃபிளாஸ்கில் மனைவி சுக்குக் காபி வைத்திருந்தாள். வழிகாட்டிப் பெண்ணும் ஒரு கப் வாங்கிக் குடித்தார்.

போகிறவர்கள் டாக்டர் கடிதத்தை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். என்னுடைய கடிதத்தின் நகல் இருக்கிறது, மாதிரிக்கு வேண்டுமென்றால் தருகிறேன். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள்.