கணக்கைக் காட்டு என்று கேட்போம்!
(படப்பையில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



படப்பைப் பக்கத்து வயல்களில் கூலிக்கு உழைத்த நம் பாட்டன்மார் பண்ணையாரிடம் கடன் வாங்கினார்கள். கணக்கு பண்ணையாரின் நோட்டில் இருந்தது. கைநாட்டு மட்டுமே அவர்களுடையது. இன்று பேரப்பிள்ளைகள் ஒரகடத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். சட்டைப் பையில் கிரெடிட் கார்டு இருக்கிறது. நோட்டு மாறிவிட்டது, கணக்கைப் பார்க்காத பழக்கம் மாறவில்லை.

கார்டு இனாம் பணமல்ல, கடன். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 ரூபாய்! குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று நினைக்கிறோம். அபராதம் தப்பும், ஆனால் மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

தவணை தவறியவர்களிடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் தீர்ப்பளித்தது. பாங்குகள் மேல் முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20-ல் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அந்தக் கவசம் போயிற்று.

பின் நம் கையில் மிஞ்சியது என்ன? கணக்குக் கேட்கும் உரிமை! 2022 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு விதித்தவற்றை மனதில் பதித்துக் கொள்வோம்.

பில் தாமதமின்றி வர வேண்டும். வட்டி ஏறுமுன் பணம் கட்ட இரண்டு வாரமாவது அவகாசம் வேண்டும்.

கட்டணத்தை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். பழைய தேதியிட்டு வசூலிக்கக் கூடாது. மாற்றம் நமக்குச் சம்மதமில்லையா? பாக்கியைக் கட்டிவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

பாக்கியில்லாத கணக்கை முடிக்கச் சொல்லியும் 7 வேலை நாளில் முடிக்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 500 ரூபாய் பாங்குதான் நமக்குத் தர வேண்டும்.

நாம் கேளாமல் கார்டை நம் தலையில் கட்டவும் கூடாது.

பில்லில் தவறிருந்தால் எழுத்து மூலம் புகார் கொடுப்போம். நகலைப் பத்திரமாக வைப்போம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

பில் இங்கிலீஷில் வந்தால் வெட்கம் எதற்கு? படித்த பிள்ளையை அழைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்வோம். சம்பளச் சீட்டில் ஒரு மணி நேர ஓவர்டைம் குறைந்தால் நாம் சும்மா இருக்கிறோமா? அதே கண்ணோடு இந்தப் பில்லையும் பார்ப்போம். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசுக்குக் கணக்குக் கேட்பது பிச்சையல்ல, உரிமை!