கல்யாண முருங்கை நகரம்

(நம் சமூகக் கூடத்தில் நடந்த மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

சீன நகரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெய்ஜிங், ஷாங்காயை நீங்கள் யூடியூபிலேயே பார்த்துக்கொள்வீர்கள். நான் ஒரே ஒரு ஊரைப் பற்றிப் பேசுகிறேன். தைவானுக்கு எதிர்க்கரையில், ஃபுஜியான் மாகாணத்தில் இருக்கும் சுவான்சோ.

எழுநூறு, எண்ணூறு வருடங்களுக்கு முன் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. அரபு வணிகர்கள் அதை 'ஸைத்தூன்' என்றார்கள். ஊரைச் சுற்றி நின்ற ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்த பெயர் அது. எந்த மரம் தெரியுமா? சளி பிடித்தால் இலையைப் பறித்து அடை சுடுவோமே, அதே கல்யாண முருங்கைதான்!

1974-இல் அந்த விரிகுடாவின் சேற்றிலிருந்து ஒரு பழைய கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். அதற்குள் 13 அறைகள். மிளகும் வாசனைக் கட்டைகளும் கிடந்தன. அரேபியர், பாரசீகர், தமிழர் என்று பலரும் அந்த ஊருக்கு வந்தார்கள், தங்கினார்கள், அவரவர் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். 1009-இல் எழுந்த மசூதி இன்றும் நிற்கிறது. மானி என்ற பாரசீக ஞானியின் மதம் உலகத்தில் மறைந்தே போனது. அவருடைய கல் உருவம் இந்த ஊருக்கு வெளியே ஒரு சிறு கோயிலில், புத்தர் என்ற பெயரில் பூஜை வாங்கிக்கொண்டிருக்கிறது.

நம் ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1281-ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. யாருடைய நலனுக்காக? சீனாவை ஆண்ட மங்கோலியர் குப்ளாய் கானின் உடல்நலத்துக்காக. குடிவந்தவர் ஹவுஸ் ஓனர் பெயரில் அர்ச்சனை செய்த மாதிரி என்று சிரிக்கலாம். ஆனால் கடல் கடந்து வந்தவர் ஓரிடத்தில் காலூன்ற என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதும் அதில் தெரிகிறது.

இனிக் கசப்பான பகுதி. மங்கோலியர் ஆட்சியில் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு உயர்ந்த தட்டு. உள்ளூர்த் தென்சீனருக்குக் கடைசித் தட்டு. பதவியும் வசதியும் அதன்படியே போயின. மனக்கசப்பு வளராமல் இருக்குமா? 1357-இல் பாரசீகப் படையினர் கிளர்ந்து ஊரைப் பிடித்தார்கள். ஏறக்குறைய பத்து வருடம் சண்டை. 1366-இல் அது அடங்கியபோது வெளிநாட்டார் என்று தெரிந்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். கோயில்களும் கல்லறைகளும் சிதைந்தன. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டது. துறைமுகம் படுத்துவிட்டது.

உடைந்த கற்கள் மதில் சுவருக்குப் போயின. இருபதாம் நூற்றாண்டில் அந்த மதிலை இடித்தபோது ஊ வென்லியாங் என்ற உள்ளூர் ஆசிரியர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். அவர் இல்லையென்றால் நமக்கு இந்தக் கதையில் பாதி தெரிந்திருக்காது. கையுவான் என்ற புத்தர் கோயிலின் பின்பக்கத்தில் இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். சிவன் கோயில் கல்லைப் புத்தருக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள், வீணாக்கவில்லை.

கற்கள் மட்டும் மிஞ்சவில்லை. பக்கத்தில் சென்தாய் என்ற ஊரில் திங் என்ற குலத்தார் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். முன்னோர் முஸ்லிம்கள். இவர்களில் பெரும்பாலோர் இன்று தொழுவதில்லை, பன்றிக்கறியும் சாப்பிடுகிறார்கள். ஆனால் முன்னோருக்குப் படைக்கும்போது மட்டும் பன்றிக்கறி வைப்பதில்லை. தாத்தாவுக்குப் பிடிக்காததை இலையில் வைக்கமாட்டோமே, அது போலத்தான். சீன அரசு அங்கீகரித்த 56 இனங்களில் ஒன்றான ஹுய் இனத்தில் 1979-இல் இவர்களைச் சேர்த்தார்கள். சீனா முழுக்க ஹான் மக்கள்தான் என்று நினைக்கிறோம். பத்தில் ஒன்பது பேர் ஹான் என்பது உண்மை. அந்த ஒன்பதுக்குள்ளும் எத்தனை கலப்பு இருக்கிறது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

2021-இல் இந்த நகரத்தின் 22 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்கப் போகிறவர்கள் புறநகரில் ஒரு சின்னச் சன்னதியையும் விசாரித்துப் பாருங்கள். நான்கு கைகளோடு நம்மூர்ச் சாயலில் ஓர் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் அசுரன். ஊர் மக்கள் அவளைக் குவான்யின் என்று அழைத்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

படங்களைத் திரையில் போடுகிறேன். பிள்ளைகள் முன்னால் வந்து உட்காரலாம்.