பள்ளிச் சோறு தருமமல்ல, குழந்தைகளின் உரிமை!

(பழனி மலையில் தோட்டத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பள்ளிக்கூடச் சோற்றைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காலையில் ஏழு மணிக்குத் தோட்டத்து ஜீப்பில் ஏறும் தாயைக் கேட்டுப் பாருங்கள். அவள் கை காப்பிப் பழம் பறிக்கிறது. மனமோ பிள்ளையிடம் இருக்கிறது. பிள்ளை சாப்பிட்டதா, இல்லையா? திண்டுக்கல் பக்கத்து மில்லில் காலை ஷிப்டுக்கு ஓடும் தாய்க்கும் இதே கவலைதான். ஆகவே இது கூலிப் பிரச்னையோடு ஒட்டிய பிரச்னை.

அன்று எப்படி இருந்தது?

நம் பாட்டன் பாட்டி காலத்தில் இந்த மலையில் நெல்லுச் சோறு என்பது நாள் கிழமைக்குத்தான். சாமை, தினை, கேழ்வரகு இவைதான் அன்றாடம் அடுப்பில் வெந்தன. பளியர் குடிகளில் காட்டு வள்ளிக்கிழங்கையும் தேனையும் உண்டு குழந்தைகள் வளர்ந்தார்கள். இதைச் சொல்லி, “அந்தக் காலமே பொற்காலம்” என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். தானியம் இருந்த மாதத்தில் கூழ். இல்லாத மாதத்தில் பட்டினி. அதுதான் உண்மை.

1901-ல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கென்று ஹைகிளெர்க் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. இருப்பிடம், உணவு, படிப்பு மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடைத்தன. அந்தப் பிள்ளைகளின் சாமான்களை மலையேற்றிய கூலிக்காரனின் பிள்ளை என்ன செய்தது? மாடு மேய்த்தது. வயிறு நிறைந்தால்தான் படிப்பு ஏறும் என்பது வசதி படைத்தவர்களுக்கு எப்போதும் தெரியும். அந்த நியாயம் ஏழைப் பிள்ளைக்கும் உண்டு என்பதை ஏற்கத்தான் அவர்களுக்கு வெகுகாலம் பிடித்தது.

சோறு வந்த வரலாறு

1920-ல் சென்னையில், தியாகராய செட்டியார் தலைமையில் இருந்த நகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகல் உணவு போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று நிபந்தனை. சோறு போட்டதும் பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் அந்தச் செலவை ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து எடுக்க அன்னிய சர்க்கார் சம்மதிக்கவில்லை. 1925-ல் அது நின்று போயிற்று. இதை மறக்காதீர்கள்.

பிறகு 1956-ல் காமராஜ் முதல் மந்திரியாக இருந்தபோது பகல் உணவுத் திட்டம் வந்தது. கல்வி இலாகாவின் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்காக ஊர் ஊராக அலைந்தார். செலவில் ஒரு பங்கை ஊரார் ஏற்றார்கள். பெரும் பங்கை சர்க்கார் ஏற்றது. 1961 முதல் ‘கேர்’ ஸ்தாபனத்தின் மூலம் அமெரிக்க மக்காச்சோள மாவும் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. அந்த மாவில் செய்த உப்புமாவைத் தின்று படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் துவங்கியது. 1984-ல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது; 2010-ல் அது வாரத்துக்கு ஐந்து முட்டையாயிற்று. 2001 நவம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட், நாடு முழுவதும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்த 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் மலைப்பகுதிகளிலும் தொலைதூர இடங்களிலும் உள்ளவை. 2023 ஆகஸ்டில் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் அது வந்தது.

நல்லதை நல்லது என்றே சொல்வோம். அதே சமயம் 1925-ஐயும் நினைவில் வைப்போம். மேலிருப்பவர் மனமிரங்கித் தந்தது, அவர் மனம் மாறினால் நின்று போகும். கேட்டு, கணக்குப் பார்த்து, காவல் காத்தால்தான் நிலைக்கும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. சோற்றுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அரிசியும் பருப்பும் முட்டையும் கொடுத்தார்கள். அது வேண்டியதுதான். ஆனால் வேலையில்லாத வீட்டில் அந்த அரிசி ஐந்தாறு வயிற்றுக்குப் பங்காயிற்று. பள்ளியில் சமைத்துப் பரிமாறும் சோறு பிள்ளையின் வாய்க்கே போகிறது. இந்த வித்தியாசத்தை அப்போதுதான் எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

இன்று என்ன தின்கிறார்கள்?

பூம்பாறையிலும் மன்னவனூரிலும் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு விளைகின்றன. பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கும், காய்கறி ஒட்டன்சத்திரத்துக்கும் மதுரைக்கும் இறங்குகின்றன. அதே ரோட்டில் மேலே ஏறி வருவது என்ன? ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள்! காரட் பிடுங்கும் கூலிக்காரியின் பிள்ளை கையில் வறுவல் பாக்கெட்!

“இந்தக் காலத்துத் தாய்மாருக்குப் பொறுப்பில்லை” என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: “அண்ணே, பாக்கெட்டைக் குடுத்தா அழாமப் போறான். அடுப்புப் பத்த வெச்சு ஜீப்பைத் தவற விட்டா அன்னைக்குக் கூலி போச்சு. நான் எதைப் பாக்குறது?” உபதேசிகள் இதற்குப் பதில் சொல்லட்டும்!

பளியர் பிள்ளையின் கதை வேறு. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டில் சிறு விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமை கைக்கு வராத குடியில் கிழங்கும் போயிற்று, தேனும் போயிற்று. மிச்சம் ரேஷன் அரிசிதான். அந்தப் பிள்ளைக்குப் பள்ளித் தட்டில் விழும் முட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

ஒரே பந்தி

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் சிலர் தடுத்தார்கள். அந்த அம்மாளை மாற்றி உத்தரவும் போட்டார்கள். ஜனநாயக சக்திகள் கிளர்ந்தெழுந்த பிறகே மீண்டும் அங்கே பணியமர்த்தினார்கள். பிள்ளைகள் ஒரே பானைச் சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பது சாதிவெறியர்களுக்குப் பொறுக்கவில்லை. நம் மலையில் பளியர், புலையர், குன்னுவர், கீழிருந்து வேலைக்கு வந்தவர் என்று பலரும் இருக்கிறோம். இங்கே எந்தப் பள்ளியிலாவது தனித் தட்டு, தனி வரிசை என்று ஒருவன் வாய் திறந்தால் முதலில் எதிர்க்க வேண்டியது நாம்தான்.

நாம் செய்ய வேண்டியது

சத்துணவு பெண்கள் விஷயம் என்று நாங்களும் வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தோம். அது தவறு என்று ஒப்புக்கொள்கிறோம். இனிச் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்த இடங்களில் நம் தாய்மார்கள் உட்கார வேண்டும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குப் பகலில் 100 கிராம் அரிசி. காலையில் 50 கிராம் அரிசியோ ரவையோ உள்ளூர்ச் சிறுதானியமோ, 15 கிராம் பருப்பு. அளவு சரியா, முட்டை வந்ததா என்று பாருங்கள்.

இரண்டாவது: உள்ளூர்க் காய் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே இங்கே விளையும் காரட்டையும் பீன்ஸையும் சிறு விவசாயியிடமே வாங்கிப் பள்ளிச் சாம்பாரில் போடும்படி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

மூன்றாவது: மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் ஊர்களில், பள்ளியில் முன்கூட்டியே அரிசி, பருப்பு, எரிபொருள் இருப்பு வைக்கும்படி கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்து ரோடுகளை மறித்ததை நாம் கண்டோம்.

நான்காவது: சமைக்கும் பெண்களும் தொழிலாளர்களே. மற்ற சர்க்கார் ஊழியரைப் போலக் காலமுறைச் சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டு அவர்கள் போராடி வருகிறார்கள். நம் பிள்ளைக்குச் சோறு போடும் கைக்கு நியாயமான கூலி கிடைக்க நாம் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

தோழர்களே! நாளைக் காலை வேலைக்குப் போகும் முன் உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நேற்றுப் பள்ளிக்கூடத்தில் என்ன போட்டார்கள்? வயிறு நிறைந்ததா?” பதில் “இல்லை” என்றால் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போவோம்.