சாம்பாருக்கு முன்னால் பாயசம்

எழுமலைக்காரர்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் உசிலம்பட்டி. போடி ரயிலில் ஏறியதும் ஜன்னலோரம் தேடுவோம். அவசர ஜன்னல் எதுவென்று தேடுவதில்லை.

ரயில்வேக்காரர்கள் நம்மைப் போல இல்லை. அவ்வப்போது பழைய பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு விபத்து மீட்பு ஒத்திகை பார்க்கிறார்கள். சைரன் அலறும். விபத்து நிவாரண ரயில் வரும். தீயணைப்புத் துறை, போலீஸ், டாக்டர்கள், தேசியப் பேரிடர் மீட்புப் படை எல்லோரும் கூடுவார்கள். காயம்பட்டவராக நடிப்பவர்களுக்கு, காயத்தின் கடுமையைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை கட்டுவார்கள். அதிகமாகக் கத்துகிறவருக்கு அல்ல, சிவப்பு அட்டைக்காரருக்குத்தான் முதல் ஸ்ட்ரெச்சர்!

மீட்பு வேலைக்கு ஒத்திகை எதற்கு? கல்யாண வீட்டில் சமைப்பவரும் பரிமாறுகிறவரும் பேசி வைக்காவிட்டால், சாம்பாருக்கு முன்னால் பாயசம் வந்துவிடும். பந்தியில் அது வேடிக்கை. விபத்தில் அது உயிர்.

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீ. 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம்.

ஒத்திகை ரயில்வேக்காரர்கள் வேலை. சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு எதையும் ரயிலில் ஏற்றாமல் இருப்பது நம் வேலை. யாராவது ஏற்றினால் 139-க்குச் சொல்லுங்கள். அடுத்த முறை ஏறும்போது, ஜன்னலோரத்துக்கு முன்னால் அவசர ஜன்னலைத் தேடுங்கள்.