குழலின் அடியில் இருக்கும் சாட்சி



வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட்டை நம்மில் பலர் படித்திருக்கிறோம். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் அவர் வீழ்த்தியதைப் பாராட்டி, அன்றைய ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹூவெட் அவருக்கு ஒரு ரைஃபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள் அது. கட்டையில் வெள்ளித் தகடு பதித்துப் பாராட்டுச் செய்தியைப் பொறித்திருந்தார்கள். உலகம் முழுவதும் அதை ரிக்பி ரைஃபிள் என்றே சொல்கிறார்கள். ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளி, பூட்டி, சுட்டபின் வெறுங்கூட்டை வெளியே எடுத்தெறியும் இயக்கப்பகுதி லண்டனில் செய்ததல்ல. தெற்கு ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் இருந்த மவுசர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. .275 ரிக்பி தோட்டாவும் மவுசரின் 7×57 தோட்டாவேதான்.

துப்பாக்கியின் மேல் பொறித்த பெயர் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், அதன் கதையில் ஒரு பகுதியைத்தான் சொல்லும். அப்படியென்றால் பெயரே தெரியாத துப்பாக்கியை எப்படி மதிப்பிடுவது? 1890களிலிருந்து இரண்டாம் உலகப்போர் தொடங்கும்வரை ஐரோப்பாவில் செய்த வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும் பகுதி இந்த வகைதான். நல்ல கைவேலை, கேள்விப்படாத பெயர், குறைந்த விலை. இன்றைக்கு அவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மூன்று ஊர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் சூல். ஆஸ்திரியாவின் தென்கோடியில் ஃபெர்லாக். பெல்ஜியத்தில் லியேஜ். பல தலைமுறைகளாகத் துப்பாக்கி செய்தே வாழ்ந்த ஊர்கள் இவை. பெரிய நிறுவனங்கள் இருந்தன. சூலில் சவர் அண்ட் சோன் 1751இலேயே தொடங்கிவிட்டது. அவற்றோடு சிறிய பட்டறைகளும் ஏராளம் இருந்தன. குழல் துளைப்பவர் ஒருவர், இயக்கப்பகுதியை அரத்தால் ராவிப் பொருத்துபவர் இன்னொருவர், வால்நட் மரத்தில் கட்டை கடைபவர் வேறொருவர், மானும் காட்டுப்பன்றியும் செதுக்குபவர் மற்றொருவர். ஒரே துப்பாக்கி தெருவில் நான்கைந்து பட்டறைகள் ஏறி இறங்கித்தான் முழுமை பெறும்.

முடிந்த துப்பாக்கியை பெர்லினிலோ வியன்னாவிலோ இருக்கும் கடைக்காரர் வாங்கி, குழலின் மேல் தன் கடைப்பெயரைப் பொறித்து விற்பார். ஆக, நாம் வாசிக்கும் பெயர் பல நேரம் விற்றவரின் பெயர். செய்தவர்களின் பெயர் எங்குமே இருக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு. குழலில் 'குருப், எசன்' என்றோ 'போலர்' என்றோ கண்டவுடன் அதைச் செய்த நிறுவனம் அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். குருப்பும் போலரும் எஃகு தந்தவர்கள். குழலுக்கு நல்ல எஃகு வாங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று, அவ்வளவே.

1945இல் போர் முடிந்தபோது சூல் நகரம் முதலில் அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் சோவியத் படையிடம் போனது. ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் நிறைய வேட்டைத் துப்பாக்கிகளைத் தங்களோடு கொண்டுபோனார்கள். துப்பாக்கி போனது, கூடவே போக வேண்டிய ரசீதும் கடிதமும் போகவில்லை. இன்று அவை சந்தைக்கு வரும்போது, செய்தவர் யார் என்று சொல்ல வேறு சாட்சி இல்லை. துப்பாக்கியேதான் பேச வேண்டும்.

அது பேசத்தான் செய்கிறது. மடக்கித் திறக்கும் துப்பாக்கியாக இருந்தால் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் முழுக்கச் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். தங்க நகைக்கு ஹால்மார்க் போலத் துப்பாக்கிக்கு இந்தச் சோதனை முத்திரைகள். அரசு அங்கீகரித்த சோதனைச்சாலையில், வழக்கமான தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை.

ஜெர்மனி இதை 1891இல் சட்டமாக்கி, 1893இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கிரீடத்தின் கீழ் 'பி' என்ற எழுத்து இருந்தால் வெடிச்சோதனை நடந்தது என்று பொருள். கிரீடமும் 'யு'வும் இருந்தால் சோதனைக்குப் பிறகு கண்ணால் ஆய்ந்து ஏற்றுக்கொண்டார்கள். கிரீடமும் 'ஜி'யும் சுருள்வரி வெட்டிய குழலுக்கு. கிரீடமும் 'எஸ்'ஸும் ரவை சுடும் குழலுக்கு. கிரீடத்துக்குப் பதிலாகக் கழுகுச் சின்னம் இருந்தால், 1939இல் வந்த புதிய சட்டத்தின் கீழ் சோதித்தது. லியேஜ் முத்திரையை அடையாளம் காண்பது இன்னும் எளிது: நீள்வட்டத்துக்குள் 'இ எல் ஜி' என்ற மூன்று எழுத்துகள். சூல் குழல்கள் பலவற்றில் சோதித்த மாதமும் ஆண்டும் எண்ணாகவே இருக்கும். 4, 27 என்று பக்கத்துப் பக்கத்தில் கண்டால் 1927 ஏப்ரல். பெயர் தெரியாத துப்பாக்கிக்குப் பிறந்த மாதம் தெரிந்துவிடுகிறது.

சில எண்கள் குழப்பும். 172.28 என்று ஒரு எண் இருக்கும். வரிசை எண் என்று நினைப்பவர்கள் உண்டு. அது குழலின் உள்துளை அளவு. பழைய ஆங்கிலேய அளவுமுறையில் எழுதியது. நம் கணக்கில் 7.62 மில்லிமீட்டர். துளைக்குள் நுழைந்த மிகப்பெரிய அளவுகோலின் எண்ணைக் குறித்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு உரியதாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சற்று நின்று சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனியின் பழைய 8×57 தோட்டாவில் குண்டின் விட்டம் 0.318 அங்குலம். 1900களின் தொடக்கத்தில் ராணுவத்துக்காக வந்த புதிய வகையில் 0.323 அங்குலம். தோட்டாக்கூடு ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழைய குழலில் புதிய குண்டைச் செலுத்தினால் அது நெரிபட்டுப் போகும். அழுத்தம் அபாயகரமாக ஏறும். வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பழைய அளவிலேயே பல ஆண்டுகள் குழல் செய்துவந்தார்கள் என்பதால், செய்த ஆண்டை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. அனுபவமுள்ள துப்பாக்கித் தச்சர், தோட்டா அறைக்குள் எளிதில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி அச்சு எடுத்து, அதை அளந்து சொல்வார். அந்த அளவு கைக்கு வரும்வரை இப்படிப்பட்ட துப்பாக்கியில் எதையும் போட்டுச் சுடக்கூடாது. முத்திரையும் சோதித்த நாளின் நிலையைத்தான் சொல்கிறது. அதன்பின் துருவும் தேய்மானமும் என்ன செய்தன என்பதைச் சொல்லாது.

முத்திரையைப் படித்தாயிற்று. இனி கைவேலையைப் பார்ப்போம். குழலைப் பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். குழலின் பின்முகமும் இயக்கப்பகுதியும் சேரும் இடத்தில் ஒளிக்கீற்று தெரிந்தால் பூட்டு தளர்ந்திருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. இரட்டைக் குழலாக இருந்தால் குழல்களை மட்டும் விரலில் தொங்கவிட்டு, விரல் நகத்தால் தட்டுங்கள். மணிபோலத் தெளிவாக ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. மந்தமாக, அதிர்வோடு ஒலித்தால் பற்று விட்டிருக்கலாம்.

திருகாணிகளைப் பாருங்கள். நல்ல பட்டறையில் திருகாணியின் கீற்றுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்படி முடுக்கியிருப்பார்கள். கீற்று சிதைந்திருந்தால் பின்னால் யாரோ பொருந்தாத கருவியோடு உள்ளே போயிருக்கிறார்கள். மரமும் இரும்பும் சேரும் விளிம்பைப் பாருங்கள். மயிரிழை புகும் இடம்கூட இருக்கக்கூடாது. தொலைநோக்கி இருந்தால் அதன் கால்களைப் பாருங்கள். சூல் பாணியில் அவை கொக்கிபோல் அடித்தளத்துக்குள் நுழையும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே அரத்தால் ராவிப் பொருத்தியவை அவை. ஒன்றின் தொலைநோக்கி இன்னொன்றில் சரியாக உட்காராது. அதனால்தான் தன் தொலைநோக்கியைத் தொலைத்துவிட்ட துப்பாக்கியின் விலை கணிசமாக இறங்குகிறது. குழல், இயக்கப்பகுதி, முன்கட்டை மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தரமும் விலையும் ஒன்றோடொன்று சேர்ந்தே போவதில்லை. புகழ்பெற்ற பெயர் விலையை ஏற்றுகிறது. தோட்டா எளிதில் கிடைக்காத துளையளவு விலையை இறக்குகிறது. கைவேலையில் எந்தக் குறையும் இல்லாத ஒரு சூல் துப்பாக்கி, தோட்டா அரிது என்பதற்காகவே மலிவாகப் போகிறது. சுடுவதற்கு வாங்குபவருக்கு அது நியாயமான காரணம். கைவினைக்காக வாங்குபவருக்கு அது வாய்ப்பு.

விலையையும் தரத்தையும் ஒரே நாளில் அழிக்கும் செயல் ஒன்று உண்டு. பழையதைப் புதியதுபோல் ஆக்குவது. உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்த்தால், பிடிமானத்துக்காக வெட்டிய குறுக்குக்கோடுகள் மழுங்கும். மரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். குழலைப் பளபளப்பாக்கிப் புதிதாக நீலமேற்றினால், முத்திரைகளின் விளிம்புகள் கரையும். மான் உருவத்தில் ரோமம் ரோமமாக வெட்டியிருந்த கோடுகள் மறையும். நூறாண்டுப் பயன்பாட்டில் சாயம் மங்கியிருப்பதில் குறை ஏதுமில்லை. மென்மையான எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரம் படாமல் வைத்தால் போதும்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்டால், ஒரே காரணம்தான். பெயர் பொறிக்க வாய்ப்பே கிடைக்காத கைவினைஞர்கள் தங்கள் திறமையை முழுவதுமாக இந்த இரும்பிலும் மரத்திலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைப்பெயர் தெரியவில்லை என்று ஒதுக்கும்போது, பெயரற்ற அவர்களை இரண்டாம் முறையும் ஒதுக்குகிறோம். அதனால், சட்டப்படி உரிமம் உள்ள ஒரு குடும்பத்திலோ அருங்காட்சியகத்திலோ இப்படி ஒன்று உங்கள் பார்வைக்கு வந்தால், அடிப்புற முத்திரைகளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். துளையளவு, தோட்டா அறையின் அளவு, வரிசை எண்கள், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் துப்பாக்கியோடு சேர்த்து வையுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவர், கடைப்பெயரைத் தேடி ஏமாறாமல், வேலையைப் பார்த்து மதிப்பிட அந்த ஒரு தாள் போதும்.