ஆராய்ச்சியாளர்க்கு ஓர் எளிய குறிப்பேடு



தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016ஆம் ஆண்டு நம் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான் கண்டறியப்பட்டது. தோப்பில் பாடுபடும் நம் மக்களின் கண்ணுக்குத் தப்புவது குறைவு. ஆயினும் நாள் குறித்து எழுதப்படாத பார்வை அறிவியலில் சான்றாவதில்லை.

எழுதுவது எதில்? விலைகொடுத்து வாங்கும் மென்பொருளில் எழுதினால், உரிமம் தீர்ந்த நாளில் நம் குறிப்பையே நாம் திறக்க இயலாமற் போகலாம். வெறும் எழுத்துக் கோப்பிற்கு அத்தொல்லை இல்லை. பழைய கணிப்பொறியிலும் திறக்கும்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியல் அறிஞர் கார்ஸ்டன் டொமினிக் 2003ஆம் ஆண்டு 'ஆர்க் மோடு' என்னும் கருவியை ஆக்கினார். 'ஈமேக்ஸ்' என்ற இலவச மென்பொருளுக்குள் இயங்குவது அது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டால் தலைப்பு, இரண்டிட்டால் உட்தலைப்பு. நாட்குறிப்பு, செய்ய வேண்டிய பணிகள், மரக் கணக்கு அட்டவணை, அதன் கூட்டல், ஆய்வுரை யாவும் ஒரே கோப்பில் அடங்கும். பழகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆங்கிலக் கட்டளைகள் முதலில் மிரட்டும். அதை மறைப்பதற்கில்லை.

இன்னொன்று, 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்'. எவ்வரியை எவர், என்று சேர்த்தார் என்பதைப் பெயரோடு பதிந்து வைப்பது. பிறர் பெயரில் உழைப்பைப் பறிகொடுத்துப் பழகிய நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவ்விடுமுறையில் பத்துத் தென்னைகளுக்கு எண்ணிட்டு, வாரந்தோறும் ஈ படிந்த ஓலைகளை எண்ணிப் பதியுங்கள். ஆறு மாதக் கணக்கு சேர்ந்தபின் ஆழியாறு நகர்த் தென்னை ஆராய்ச்சி நிலையத்திற்குக் கொண்டுசெல்வோம். நானும் உடன் வருகிறேன். தோப்புக்காரரிடம் முன்னதாக அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.