பிரசவ அறைக்குப் போகுமுன் பேச வேண்டியது

(திருகோணமலை நகரில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்கள் எழுந்து போக வேண்டாம். இது உங்களுக்கும் உரிய பேச்சு.

1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். குடும்பக் கட்டுப்பாடு என்றதும் நம் பெரியம்மாமாருக்கு நினைவு வருவது ‘ஒப்பரேஷன்’தான். 1980களில் அதற்கு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. அன்றைய தோட்டச் சம்பளத்தில் அது பெரிய காசு. வீட்டில் அரிசி இல்லாதவள் அந்தக் காசுக்குத் தலையாட்டினால், அதை விருப்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்று, வேண்டாம் என்றால் எடுத்துவிடக்கூடிய முறைகள் உண்டு. லூப் 10 வருடம் வரை வேலை செய்யும். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஜடெல் குச்சி 5 வருடம். அடுத்த பிள்ளை வேண்டும் என்றால் இடையிலேயே எடுக்கலாம்.

லூப்பை நஞ்சுக்கொடி விழுந்த கையோடு, அல்லது 48 மணித்தியாலத்துக்குள் வைக்கலாம். அது தவறினால் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். பிறகு அதற்கென்று கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும். நாளை நாளை என்று தள்ளிப்போடுவோம்.

“பால் கொடுக்கும்வரை பிள்ளை தங்காது” என்பார்கள். பாதிதான் உண்மை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர வேண்டும். நமக்குப் பேறுகால லீவு 84 நாள். அது முடிந்து தாய் கொழுந்துக்கும் பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்கும் போனால், பால் கொடுப்பது தானாகக் குறைந்துவிடும். அந்த நம்பிக்கையும் அத்தோடு போயிற்று.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லூப் வைத்த முதல் மாதங்களில் இரத்தப்போக்கு கூடலாம். இரத்தசோகை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளை பெற்றவுடன் வைத்த லூப் நழுவி விழவும் கூடும். ஆறு வாரத்தில் ஒருமுறை காட்டுங்கள். குச்சி வைத்தால் மாதவிடாய் ஒழுங்கு மாறலாம்.

பிள்ளை பெற்றவுடன் லூப் வைக்கும் முறையைப் பரப்ப, சர்வதேச மகப்பேற்று மருத்துவர் சம்மேளனம் 2013இல் இலங்கையில் ஒரு திட்டம் தொடங்கியது. அதே 2013இல்தான் கிளிநொச்சி மாவட்டம் வேரவில் பகுதித் தாய்மாருக்குச் சரியாக விளங்கப்படுத்தாமல், வற்புறுத்திக் குச்சி வைத்ததாகப் புகார் எழுந்தது. நல்ல முறைதான். ஆனால் கேட்காமல் வைத்தால் பழைய 500 ரூபாய்க் கதையைவிட மோசம்.

இடுப்புவலியில் துடிப்பவளிடம், அவளுக்கு விளங்காத மொழியில் காகிதத்தை நீட்டி வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. அதனால் நம் கோரிக்கை இது: கர்ப்பிணி கிளினிக்கிலேயே, தமிழில், அவசரமில்லாமல் பேச வேண்டும். அவள் சொன்னதைக் கர்ப்பிணி அட்டையில் எழுத வேண்டும். வேண்டாம் என்றால் அதையும் எழுத வேண்டும். எடுத்துவிடச் சொல்லி வருபவளை “இன்னும் காலம் இருக்கிறது” என்று திருப்பி அனுப்பக் கூடாது.

தமிழ் பேசும் மிட்வைஃப் இல்லாத தோட்டங்களின் பெயரை மாதர் சங்கத் தலைவிமார் இன்றே எழுதிக் கொடுங்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம். சபையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேநீர் நேரத்தில் தனியாக வாருங்கள்.